நீளமான சொல்லை எங்கே அறுப்பது

ஹாஸல்பாஹ்
மார்ச் 3

அன்பு மகள் யூடித்துக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. ஓர் எழுத்து குண்டாக இருக்கிறது, அடுத்தது ஒல்லியாக இருக்கிறது. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வண்டியிலிருந்து சரிந்த மரத்தடிகள் மாதிரி கோட்டுக்கு மேலும் கீழும் கிடக்கின்றன. வாழ்நாளெல்லாம் அறுவை ஆலையில் ரம்பத்தை நேராகப் பிடித்த கை இது. பென்சிலைக் கொடுத்தால் நடுங்குகிறது. காலைக் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் கோயிலில் மத்தியான மணி அடித்துவிட்டது.

ஆனால் பார், யாரும் சொல்லச் சொல்ல நான் எழுதவில்லை. நானே எழுதுகிறேன்! உன் அம்மா இருந்தவரை வீட்டுக்கு வந்த எல்லாவற்றையும் அவள் படித்தாள், நான் கேட்டுக்கொண்டேன். இப்போது மாலை வகுப்பு ஆசிரியை சொல்கிறார்: "ஹோமான் ஐயா, வகுப்புல எழுதினா மட்டும் போதாது. உண்மையான ஆளுக்கு உண்மையான கடிதம் எழுதணும்." எனக்கு உண்மையான ஆள் என்று இருப்பது நீதான். அதனால் இனிமேல் போனில் கொஞ்சம் பேசு, கடிதத்தில் நிறைய எழுது. பெரிய பெரிய எழுத்தாக எழுது.

பக்கத்து வீட்டு லியோன்ஹார்ட் வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தான். "என்னடா புர்க்கார்ட், பென்சிலால மரம் அறுக்குறியா? நாக்கு வெளிய தொங்குது!" என்றான். "உனக்கும் ஒரு கடிதம் போடட்டுமா?" என்றேன். "பக்கத்து வீட்டுக்கா? தபால்தலைக்கு உங்க அப்பனா காசு குடுப்பான்?" என்றான். உன் ட்யூபா வாத்தியத்தை மாதத்துக்கு ஒரு முறையாவது துடைக்கச் சொன்னான். அவன் வாத்தியக்குழுவுக்கு நீ இல்லாமல் அடிக்குரலே இல்லையாம். துடைத்துவிட்டேன். மேல்மாடியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பித்தளைப் பூதம் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. நீ போன வாரம் வந்துபோன பிறகு மேலே போனேன். விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டிருந்தது. தலையணைக்கு நடுவில் ஒரு இரண்டு யூரோ நாணயம் கிடந்தது. உன் பையிலிருந்து விழுந்திருக்கும். சமையலறையில் உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்.

உன் அப்பா
புர்க்கார்ட் ஹோமான்

முழுப் பெயரையும் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது, அதுதான்.


ஒசாகா, ஹோட்டல் அறை
மார்ச் 11

என் அன்பு அப்பா,

உங்கள் கடிதத்தை விமானத்தின் பின்பக்கச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். கூட வேலை செய்கிறவள், "என்னடி, காதல் கடிதமா? கண்ணெல்லாம் கலங்குது" என்றாள். "அதைவிடப் பெருசு" என்றேன். உங்கள் எழுத்துகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. குண்டாகவும் ஒல்லியாகவும் அவை நம் வாத்தியக்குழு ஆட்கள் மாதிரியே இருக்கின்றன.

இங்கே மழை. சன்னலைத் திறக்க முடியாது. காலையில் எழுந்து விளக்கின் பொத்தானைத் தேடினேன், சுவரில் தவறான பக்கத்தில். எந்த ஊரில் இருக்கிறேன் என்று ஞாபகம் வரக் கொஞ்சம் நேரமானது.

அப்பா, உங்களிடம் ஓர் உதவி வேண்டும். வருமான வரிக் கணக்கு கொடுக்கும் காலம் இது. எங்களைப் போலப் பறந்து பிழைப்பவர்களுக்கு வரியிலிருந்து கழித்துக்கொள்ளப் பலதும் இருக்கின்றன. வெளிநாட்டில் தங்கும் நாட்களின் சாப்பாட்டுச் செலவு, விமான நிலையத்துக்குப் போய்வரும் செலவு, சீருடைச் சலவை. ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு நாங்கள் வைத்துவிட்டு வரும் சில்லறைகூட அதில் உண்டு. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது கெல்ஸ்டர்பாஹ் அறை. பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கிறோமே, அதுதான். அழைப்பு வந்தால் உடனே ஓட வேண்டும், ஹாஸல்பாஹிலிருந்து எப்படி ஓடுவது?

அந்த அறையின் செலவைக் கழிக்க வேண்டுமானால், என் உண்மையான வீடு வேறோர் இடத்தில் இருக்கிறது என்று நான் காட்ட வேண்டும். நம் நகரத்து வரி அலுவலகத்தில் இதைப் பார்க்கும் அம்மாள், திருமதி ட்ராப், வீட்டுக்காரரிடமிருந்து ஒரு தாள் கேட்கிறார். நான் மேல்மாடியில் குடித்தனம் வைத்திருக்கிறேன், வீட்டுச் செலவில் பங்கு தருகிறேன், சட்டத்தின் சொல்லில் சொன்னால் என் லேபன்ஸ்மிட்டல்புங்க்ட் அங்கேதான் என்று எழுதினால் போதும். லியோன்ஹார்ட் மாமாவை ஒரு முறை பார்க்கச் சொல்லிவிட்டு எனக்கு அனுப்புங்கள்.

இது கிடைக்காவிட்டால் இரண்டு இடத்தையும் என் சம்பளத்தில் தாங்க முடியாது அப்பா. ஒன்றை விட வேண்டிவரும்.

அந்த நாணயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

முத்தங்களுடன்
யூடித்


ஹாஸல்பாஹ்
மார்ச் 20

அன்பு மகளே,

வேலை முடிந்தது! உனக்கு அனுப்பி, நீ அங்கே அனுப்பி, எதற்கு இந்தச் சுற்று? நேராகத் திருமதி ட்ராப் அம்மாளுக்கே அனுப்பிவிட்டேன். உறை மேல் விலாசமும் நானே எழுதினேன். தபால்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஹோமான் ஐயா, உங்க கையெழுத்தா?" என்று தொப்பியைக் கழற்றினார். லியோன்ஹார்டிடம் காட்டவில்லை. காட்டினால் தன் யோசனைதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

மேல்மாடியில் நீ குடித்தனம் இருப்பதையும், விறகுக்கும் மின்சாரத்துக்கும் நீ பங்கு தருவதையும் எழுதினேன். அந்த நீளமான சொல்லைப் பார்த்து முதலில் பயந்தேன். பிறகு பாதியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லேபன்ஸ்மிட்டல்! எனக்குத் தெரிந்த சொல்தானே. வகுப்பில் சேர்வதற்கு முன்பே தெரியும். செவ்வாய்க்கிழமை ஊருக்குள் வரும் மளிகை வண்டியின் பக்கவாட்டில் பச்சை எழுத்தில் இருக்கிறதே, நான் முதன்முதலாகப் படித்த சொல் அது. உன் மளிகை வாங்கும் இடம் எது என்று கேட்கிறார்கள். அரசாங்கத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். ஆனால் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதனால் இப்படி எழுதினேன்:

"என் மகளின் லேபன்ஸ்மிட்டல்புங்க்ட் இங்கே இல்லை. விமானத்தில் சேர்ந்த நாளிலிருந்தே இல்லை. அது பிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது, சில நேரம் வெளிநாட்டில். வரும்போது எல்லாவற்றையும் பையில் கொண்டுவருகிறாள், மிச்சத்தைப் பையில் கொண்டுபோகிறாள். அவளுடையது என்று இங்கே இருப்பது ஒரு கடுகு விழுதுப் புட்டி மட்டும்தான்."

ஒரு பிழைகூட இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

இரண்டு இடத்தில் ஒன்றை விட வேண்டிவரும் என்று எழுதியிருந்தாய். எதை என்று எழுதவில்லை. பரவாயில்லை, எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஹோட்டலில் அந்தப் பெண்களுக்குச் சில்லறை வைப்பாய் என்றாயே, அதை அறையில் எங்கே வைப்பாய்?

உன் அப்பா
புர்க்கார்ட்


கெல்ஸ்டர்பாஹ்
ஏப்ரல் 9

அன்புள்ள அப்பா,

திருமதி ட்ராப்பிடமிருந்து கடிதம் வந்தது. அறைச் செலவைக் கழிக்க முடியாது என்று தோன்றுகிறதாம். என் வாழ்க்கை ஹாஸல்பாஹில் இல்லை என்று என் தகப்பனாரே எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இதற்கு நான் ஏதாவது சொல்ல விரும்பினால் மாத முடிவுக்குள் சொல்லலாமாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், முதலில் நான் சிரித்தேன். கூட இருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினேன், கடுகுப் புட்டி வந்ததும் ஒருத்தி கட்டிலிலிருந்து விழுந்தாள். அப்பா, அந்தச் சொல்லை நீங்கள் தவறான இடத்தில் அறுத்துவிட்டீர்கள். லேபன்ஸ்மிட்டல் என்று அறுத்தால் மளிகை. ஆனால் இங்கே லேபன்ஸ் என்ற இடத்தில் அறுக்க வேண்டும். லேபன் என்றால் வாழ்க்கை, மிச்சம் இருக்கும் மிட்டல்புங்க்ட் என்றால் நடுப்புள்ளி. ஒருத்தியின் வாழ்க்கைக்கு நடு எங்கே இருக்கிறது என்றுதான் அவர்கள் கேட்டார்கள். உங்கள் மேல் தவறில்லை. நான் இன்னும் விளக்கமாக எழுதியிருக்க வேண்டும்.

எல்லோரும் தூங்கப் போன பிறகு உங்கள் வரிகளை இன்னொரு முறை படித்தேன். பையில் கொண்டுவருகிறாள், பையில் கொண்டுபோகிறாள். அப்போது சிரிப்பு வரவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தலையணை மேல். தலையணைக்கு நடுவில் வைப்பேன், அவர்களுக்கென்றே வைத்தது என்று தெரிய வேண்டுமல்லவா. அந்த நாணயம் என் பையிலிருந்து விழவில்லை அப்பா. உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கேட்டீர்கள். விரிப்பை இழுத்துவிட்டேன், பெட்டியை மூடினேன், நாணயத்தை வைத்தேன், கதவைச் சாத்தினேன். எதையும் நினைத்துச் செய்யவில்லை, கைதான் செய்தது. என் கைக்கு அதுவும் ஒரு ஹோட்டல் அறையாகிவிட்டிருக்கிறது.

அப்படியானால் நீங்கள் தவறாக எழுதினாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்களோ என்று நினைக்கிறேன். திருமதி ட்ராப்புக்கு நான் எதைச் சொல்வது? பொய் சொல்ல மனம் வரவில்லை. மேல்மாடியை விட்டுவிட்டு இந்தப் பக்கமே எனக்கென்று ஒரு சின்ன வீடு பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் மேலே யாராவது கோடைக்கால விருந்தாளிக்கு விடலாம். இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்த மாதம் பயிற்சிக்கு வர மாட்டேன் என்று லியோன்ஹார்ட் மாமாவிடம் சொல்லிவிடுங்கள். என்னை எதிர்பார்க்காமல் நாள் குறிக்கட்டும்.

உங்கள்
யூடித்


ஹாஸல்பாஹ்
ஏப்ரல் 15

என் கண்ணு யூடித்,

உன் கடிதத்தை மெதுவாகப் படித்தேன். நான் எதையும் மெதுவாகத்தான் படிக்கிறேன், ஆனால் இது இன்னும் மெதுவாக. படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நினைப்பு உடனே போய்விட்டது. தெரியாமல் இருந்தால் உன் கடிதம் வந்திருக்காது.

லியோன்ஹார்டிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் சிரித்தான். "மளிகையாம்டா மளிகை! ஏன்டா, ஒரு வார்த்தை என்கிட்ட காட்டியிருந்தா என்ன? உன் மானம் போயிருக்குமா?" என்றான். "நீ இந்த மாசம் பயிற்சிக்கு நாள் குறிச்சுக்கோ, அவ வரல" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அவ வராம எப்படிடா நாள் குறிக்கிறது? நான் எப்ப அப்படிக் குறிச்சிருக்கேன்?" என்றான். அதைக் கேட்டபோதுதான் எனக்குள் ஒன்று விளங்கியது.

நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறி வரி அலுவலகத்துக்குப் போனேன். திருமதி ட்ராப் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கும் அம்மாள். பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, அது உங்க மகளோட வரி. அதைப் பத்தி உங்ககிட்ட நான் பேசக் கூடாது."

"நான் அவ அப்பாம்மா."

"அப்பாவா இருந்தாலும் சரி, போப்பாண்டவரா இருந்தாலும் சரி. ரகசியம்னா ரகசியம்."

"நீங்க பேச வேணாம். நான் பேசுறேன், நீங்க கேட்டாப் போதும்."

"கேக்கலாம். அதுக்குத் தடை இல்லை."

நான் படிக்கப் பழகி ஒரு வருஷம்தான் ஆகிறது, மளிகை வண்டியில்தான் பழகினேன், அந்தச் சொல்லைத் தப்பான இடத்தில் அறுத்துவிட்டேன் என்று சொன்னேன். அந்த அம்மாள் திரும்பி அலமாரியில் எதையோ தேடினார். தேடவில்லை, சிரிப்பில் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாயால சொன்னது இங்க எடுபடாதுங்க. எழுதிக் குடுங்க" என்றார்.

"இப்பவே எழுதலாம். ஆனா எனக்கு நேரமாகும்மா."

"பன்னிரண்டுக்கு மூடணும்." சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த மேசையில உக்காருங்க. மூடினா உங்களை உள்ளே வச்சு மூடறேன்."

அப்படியே செய்தார். தன் ரொட்டியை எடுத்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் எழுத்தில் சந்தேகம் வந்தது. "ட்யூபாவை எப்படிம்மா எழுதறது?" என்று கேட்டேன். "அதுல ரகசியம் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிக்கொடுத்தார்.

நான் எழுதியதை உனக்குப் பார்த்து எழுதுகிறேன். பொய் எழுதவில்லை, நீ பயப்படாதே.

"முதலில் கொடுத்த தாளில் நான் மளிகையைப் பற்றி எழுதிவிட்டேன். இது வாழ்க்கையைப் பற்றி. என் மகள் இங்கே அதிக நாள் இருப்பதில்லை. ஆனால் அவளுடையது கடுகுப் புட்டி மட்டும் என்பது தவறு. மேல்மாடியில் அவள் ட்யூபா இருக்கிறது. அதை விமானத்தில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு மாதமும் அவள் வேலைப் பட்டியல் வந்ததும் லியோன்ஹார்ட் அதை வாத்தியக்குழு அறையின் கதவில் ஒட்டுவார். அவள் எப்போது வீட்டில் இருப்பாள் என்று பார்த்துத்தான் பயிற்சிக்கு நாள் குறிப்போம். என் பிறந்தநாள் பிப்ரவரியில். இந்த வருஷம் தேதியைத் தள்ளி அவள் வந்த நாளில் கொண்டாடினோம். லியோன்ஹார்ட் பன்றி அடிப்பதும் அவள் வரும் வாரத்தில்தான், அவளுக்குப் புது ரத்தத் தொத்திறைச்சி பிடிக்கும் என்பதால். அந்தப் பட்டியல் வராவிட்டால் எங்கள் ஊரில் மாதம் தொடங்காது. இதற்குத்தான் நடுப்புள்ளி என்று பெயரா என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திருமதி ட்ராப் படித்தார். பேசக் கூடாதாமே. முத்திரையை மட்டும் மெதுவாகக் குத்தினார்.

மகளே, இது மேல்மாடியை நீ விடக் கூடாது என்பதற்காக எழுதியது இல்லை. உனக்கு அந்தப் பக்கம் வீடு வேண்டுமென்றால் எடுத்துக்கொள், பெட்டி தூக்க நானே வருகிறேன். கையில் உள்ள பழக்கம் எனக்குத் தெரியும். ஆலையை விட்டு வந்த பிறகும் பல நாள் நான் ரொட்டியை அளவெடுத்து அறுத்திருக்கிறேன், உன் அம்மா திட்டுவாள். கை செய்வதெல்லாம் மனசு செய்வது ஆகாது.

பட்டியல் வந்தால் அனுப்பு. வர முடியாவிட்டாலும் அனுப்பு. கதவு வெறுமையாக இருக்கிறது.

உன் அப்பா
புர்க்கார்ட் ஹோமான்


பொகோட்டாவிலிருந்து, பட அட்டை
ஏப்ரல் 22

அப்பா,

மே மாதப் பட்டியலை லியோன்ஹார்ட் மாமாவுக்கு அனுப்பிவிட்டேன். நாலாம் தேதி சனி, ஐந்தாம் தேதி ஞாயிறு வீட்டில் இருப்பேன். கதவில் ஒட்டச் சொல்லுங்கள். வரி அலுவலகத்திலிருந்து எனக்கு ஏதாவது வந்தால் பிரிக்காமல் வையுங்கள். பிரித்தது நீங்களானாலும் அது ரகசியக் குற்றம்தான்.

ரொட்டியை அளவெடுத்து அறுத்ததை நீங்கள் சொன்னதே இல்லையே. சிரித்துச் சிரித்துக் கொஞ்சம் அழுதும்விட்டேன்.

யூடித்


ஹாஸல்பாஹ்
மே 7

அன்பு மகள் யூடித்துக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். எந்த ஊர் என்று கதவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பட்டியலில் லிஸ்பன் என்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம் தீரவில்லை. நீ வரி அலுவலகத்து உறையைப் பிரித்துவிட்டு, "நீங்களே படிங்கப்பா, நான் கேக்கறேன்" என்றாயே. அலுவலக வாசகங்களை எல்லாம் தாண்டி, கெல்ஸ்டர்பாஹ் அறைச் செலவு ஏற்கப்பட்டது என்ற வரிக்கு வருவதற்குள் உன் காப்பி ஆறிவிட்டது. நீ முன்னாலேயே எட்டிப் பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் படித்து முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாய். அந்த நாற்காலியில் உன் அம்மா படிப்பாள், இந்த நாற்காலியில் நான் கேட்பேன். இப்போது வீட்டில் படிக்கிறவன் நானாகிவிட்டேன்!

சனிக்கிழமைப் பயிற்சியைப் பற்றி லியோன்ஹார்ட் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். "உன் மக ஊதினா என் வீட்டு ஓடு ஆடுதுடா. மளிகை நல்லாத் தின்னுருக்கா" என்கிறான். ஊர் முழுக்க மளிகை என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. இருக்கட்டும்.

இன்றைக்குச் செவ்வாய். வண்டி வந்தது. உன் கடுகு விழுதை நீ வழித்துத் தின்றுவிட்டுப் போயிருந்தாய், அதனால் புதுப் புட்டி வாங்கினேன். உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த நாணயத்தைத்தான் கொடுத்தேன். போகட்டும், அது நம் வீட்டில் எதற்கு?

நீ கிளம்பிய பிறகு மேலே போகக் கொஞ்சம் தயங்கினேன். சாயங்காலம்தான் போனேன். விரிப்பு பாதி தரையில் கிடந்தது. ஈரத்துண்டு நாற்காலியில். கட்டிலுக்கடியில் ஒரே ஒரு காலுறை. சீப்பை ட்யூபாவின் வாய்க்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். தலையணையில் உன் தலை அழுந்திய குழி அப்படியே இருந்தது. அதன் நடுவில் ஒன்றும் இல்லை. தூக்கியும் பார்த்தேன், அடியிலும் ஒன்றும் இல்லை.

நான் எதையும் ஒழுங்குபடுத்தவில்லை. துண்டை மட்டும் காயப்போட்டுவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்தினேன்.

பென்சில் தேய்ந்துவிட்டது, கையும் தேய்ந்துவிட்டது. மிச்சத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் ஜூன் பட்டியலை அனுப்பு, லியோன்ஹார்ட் பன்றியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

உன் அப்பா
புர்க்கார்ட்